அணு ஒளியும் அதனைச் சொல்லும் சொற்களும்: தமிழ், மலையாள எல்லைப்புறத்தை முன்வைத்து

1. முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் அமைந்த ஊர்களுள் ஒன்று ஒற்றசேகரமங்கலம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்த அளவுக்குப் பேச்சைப் பிரிக்கவில்லை. ஆயின் கலைச்சொற்களை அது முற்றாகப் பிரித்துவிட்டது எனலாம். ஒரே வகுப்பில் பயிலும் ஒரே இயற்பியல் பாடம் பாறசாலைக்கு மேற்கே ஒரு சொற்றொகுதியாலும், களியக்காவிளைக்குக் கிழக்கே வேறொரு சொற்றொகுதியாலும் கற்பிக்கப்படுகிறது. கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி மன்றம் தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது. ஆகவே, தமிழ்வழியில் பயிலும் கேரள மாணவர் பாடநூலில் ஒரு தொகுதிச் சொற்களையும், தம்மைச் சூழ்ந்த செய்தித்தாள், மருத்துவமனை, அலுவலகம் ஆகியவற்றில் மற்றொரு தொகுதிச் சொற்களையும் எதிர்கொள்கின்றனர்.

அணு எவ்வாறு ஒளியை உமிழ்கிறது, அதனுள் எலக்ட்ரான்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் பாடத்தை எடுத்துக்கொண்டு, அதனைக் கூறப் பயன்படும் தமிழ், மலையாள, இலங்கைத் தமிழ்ச் சொற்களை ஒப்பிட்டு, எச்சொல் எவ்விடத்தில் பொருளைக் காட்டுகிறது, எவ்விடத்தில் மறைக்கிறது என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஊர்ப்பெயரும் ஒரு வல்லொலியும்

ஒற்றசேகரமங்கலம் என்னும் பெயரின் முதற்பகுதியிலேயே சிக்கலின் வேர் ஒன்று தெரிகிறது. இப்பெயரில் வரும் றகர இரட்டை மலையாளத்தில் நுனியண்ண வெடிப்பொலியாக ஒலிக்கும். உரோமன் எழுத்தில் எழுதும்போது அது இரண்டு தகர எழுத்துகளாக மாறுகிறது. உரோமன் வடிவத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுவோர் அதனை ‘ஒட்ட’ என வளைநா ஒலியாக்கிவிடுகின்றனர். ஊர்ப்பெயர் ஒன்று இவ்வாறு திரிவதால் பெருந்தீங்கு இல்லை. அறிவியல் சொல் திரியும்போது நிலைமை வேறு.

மலையாளப் பாடநூல்கள் அணுவை ‘ஆற்றம்’ என்றே எழுதுகின்றன. இது ஆங்கிலச் சொல்லின் கடன் வடிவம். அதிலுள்ள வல்லொலியை மலையாளம் தன் றகர இரட்டையால் காட்டுகிறது. இலங்கைத் தமிழும் ஆங்கில வல்லொலிக்கு றகரத்தையே பயன்படுத்தி ‘ஓபிற்றல்’ என்றாற்போல் எழுதும். தமிழ்நாட்டு எழுத்து வழக்கு அதே ஒலியை டகரத்தால் குறித்து ‘ஆர்பிட்டால்’ என எழுதும். இம்முறைப்படி மலையாளத்தின் கடன்சொல்லைத் தமிழ்நாட்டு வழக்கில் எழுதினால் ‘ஆட்டம்’ என்றாகும். அது கூத்தையும் விளையாட்டையும் குறிக்கும் சொல்லாதலால் கலைச்சொல்லாக நிற்க இயலாது. றகரம் இட்டு ‘ஆற்றம்’ என எழுதினாலோ, தமிழ் வாசகர் அதனை ‘ஆற்று’ என்னும் வினையோடு, அதன்வழி ‘ஆற்றல்’ என்னும் சொல்லோடு இணைத்துப் பார்ப்பர். அணு ஒரு பொருள். ஆற்றல் அதன் பண்பு. இரண்டையும் ஒரே வேரினவாகக் காட்டும் எழுத்து வடிவம் பாடத்தின் முதல் வரியிலேயே தடுமாற்றத்தை விதைக்கும்.

3. ‘அணு’ என்னும் பொதுச்சொல்

தமிழில் ‘அணு’ என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. மலையாளத்திலும் இச்சொல் உண்டு. பொதுச்சொல்லாக இருப்பதே இங்கு இடராகிறது. மலையாளத்தில் ‘அணு’ என்பது பெரிதும் கிருமியைக் குறிக்கும். ‘ரோகாணு’ நோய்க்கிருமி, ‘அணுபாத’ நோய்த்தொற்று. மருத்துவமனை அறிவிப்பில் உள்ள ‘அணுபாத’ என்பதைத் தமிழில் ‘அணுப் பாதிப்பு’ எனப் பெயர்த்தால், வாசகர் கதிரியக்கத்தால் விளைந்த கேடு என்றே கொள்வர். ‘தொற்று’ என்பதே உரிய பெயர்ப்பு.

இதனினும் நுட்பமான வேறுபாடு ‘ஆணவம்’ என்னும் சொல்லில் உள்ளது. மலையாளத்தில் அது அணுவைச் சார்ந்தது என்னும் பொருளில் வழங்கும். ‘ஆணவநிலையம்’ என்றால் அணுமின் நிலையம். ‘ஆணவாயுதம்’ என்றால் அணு ஆயுதம். தமிழில் ‘ஆணவம்’ செருக்கைக் குறிக்கும். சைவ சித்தாந்தத்தில் மும்மலங்களுள் முதலாவதைக் குறிக்கும். அங்கும் வேர் ‘அணு’வே. எல்லையற்ற உயிரை அணுத்தன்மைப்படுத்துவது என்னும் கருத்தில் மலத்திற்கு அப்பெயர் அமைந்தது. ஒரே வேரிலிருந்து மெய்யியல் வழியே ஒரு மொழியும், இயற்பியல் வழியே மற்றொரு மொழியும் தத்தம் சொல்லைப் பெற்றுள்ளன. ‘தன்மாத்திர’ என்பதும் இத்தகையது. மலையாளத்தில் அது மூலக்கூறு. தமிழ்ச் சைவ நூல்களில் ‘தன்மாத்திரை’ என்பது ஓசை, ஊறு முதலிய நுண்பொருள்களைக் குறிக்கும் தத்துவப் பெயர்.

எலக்ட்ரானுக்குத் தமிழில் ‘மின்னணு’, ‘எதிர்மின்னி’, ‘எலக்ட்ரான்’ எனப் பல சொற்கள் வழங்கியுள்ளன. இவற்றுள் ‘மின்னணு’ பாடநூல் நோக்கில் இடர் தருவது. அணுவின் உறுப்பாகிய ஒன்றை ‘அணு’ என்றே முடியும் தொகைச்சொல்லால் குறித்தால், பகுதி முழுமையின் பெயரைப் பெற்றுவிடுகிறது. இன்று அச்சொல் ‘மின்னணுவியல்’, ‘மின்னணு வாக்குப்பதிவு எந்திரம்’ என்னும் வழக்குகளில் துறைப்பெயராகவும் அடைமொழியாகவும் நிலைத்துவிட்டதால், துகளுக்கு ‘எலக்ட்ரான்’ என்பதையே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கையாளுகின்றன. இலங்கையில் ‘இலத்திரன்’ என்னும் தமிழ்ப்படுத்திய வடிவம் வழங்குகிறது.

4. ஒளி பிறக்கும் முறை

சொற்களை மதிப்பிடுவதற்கு முன் நிகழ்வைச் சுருக்கமாகக் காண்பது தேவை. அணுவின் நடுவில் நேர்மின்னூட்டமுடைய அணுக்கரு உள்ளது. அதனால் ஈர்க்கப்பட்டுக் கட்டுண்ட எலக்ட்ரான்கள் எந்த அளவு ஆற்றலையும் பெற்று நிற்க இயலாது. அவற்றுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களே உரியவை. மாடிப்படியில் நிற்பவர் ஒரு படியிலோ அடுத்த படியிலோ நிற்க முடியுமேயன்றி இடைவெளியில் நிற்க முடியாது என்பதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் இப்படிகள் சமஉயரமுடையன அல்ல. மேலே செல்லச் செல்ல அவற்றின் இடைவெளி குறுகும்.

ஹைட்ரஜன் அணுவில் முதல் மட்டத்திலுள்ள எலக்ட்ரானை முற்றிலும் விடுவிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இரண்டாம் மட்டத்திலிருந்து விடுவிக்க 3.4, மூன்றாம் மட்டத்திலிருந்து விடுவிக்க ஏறத்தாழ 1.51 எலக்ட்ரான் வோல்ட் போதும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்திற்கு எலக்ட்ரான் இறங்கும்போது இவற்றின் வேறுபாடாகிய 1.89 எலக்ட்ரான் வோல்ட் ஒரே ஒளித்துகளாக வெளிப்படும். அவ்வளவு ஆற்றலுடைய ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 656 நானோமீட்டர், நிறம் சிவப்பு. நான்காம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்திற்கு இறங்கினால் 486 நானோமீட்டர் அலைநீளமுடைய நீலப்பச்சை ஒளி தோன்றும். இக்கோடுகளின் அலைநீளங்கள் ஓர் எளிய எண்முறைக்குள் அடங்குவதைப் பாமர் 1885-இல் காட்டினார். அதற்கான காரணத்தை ஆற்றல் மட்டங்களைக் கொண்டு போர் 1913-இல் விளக்கினார்.

ஒவ்வொரு தனிமத்தின் மட்டங்களும் அதற்கே உரியவை. ஆகவே அதன் ஒளிக்கோடுகளும் கைரேகைபோல் தனித்தன்மை வாய்ந்தவை. ஒரு தனிமத்தைக் காணாமலேயே அதன் ஒளியைக் கண்டு இன்னதென அறியலாம். 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய மறைப்பை ழான்சேன் என்னும் பிரெஞ்சு வானியலார் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலை காட்டி கொண்டு நோக்கினர். சூரிய விளிம்பில் எழும் பிழம்புகள் ஒளிர்கோடுகளைத் தருவது அப்போது புலனாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் லாக்கியரும் பிழம்புகளின் மஞ்சள் கோட்டை ஆராய்ந்தார். அது சோடியத்தின் மஞ்சள் கோடுகளுக்கு அருகில் இருந்தும் அவற்றோடு பொருந்தவில்லை. சோடியக் கோடுகளின் அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர், புதிய கோட்டின் அலைநீளம் ஏறத்தாழ 587.6. இச்சிறு வேறுபாடே சூரியனின் கிரேக்கப் பெயரால் ‘ஹீலியம்’ எனப்பட்ட தனிமத்தை அறிவித்தது. 1895-இல் ராம்சே அதனைப் புவியிலுள்ள கனிமம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார். இலங்கைத் தமிழில் இது ‘ஈலியம்’ என எழுதப்படும்.

5. கூடும் ஓடும்

எலக்ட்ரான்களின் அடுக்கு முறைக்கு ஆங்கிலத்தில் முட்டை, தேங்காய் முதலியவற்றின் ஓட்டைக் குறிக்கும் சொல் உருவகமாக வழங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைக் ‘கூடு’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘ஓடு’ என்றும் பெயர்த்துள்ளன. மலையாளம் பெயர்க்காமல் ‘ஷெல்’ என்றே வைத்துக்கொண்டது. இம்மூன்று தீர்வுகளும் மூன்று வகை விளைவுகளைத் தருகின்றன.

‘ஓடு’ மூலச்சொல்லின் பொருளுக்கு நெருக்கமானது. ஆயினும் எல்லைப்புற வாசகருக்கு அது கூரையோட்டையே முதலில் நினைவூட்டும். தேங்காயின் ஓட்டுக்கு நெய்யாற்றின்கரையிலும் குமரி மாவட்டத்திலும் ‘சிரட்டை’ என்பதே வழக்கு. மேலும், ‘இலத்திரன் ஓடு’ என்னும் தொடரில் பெயர்ச்சொல்லும் ஏவல் வினையும் ஒரே வடிவம் பெறுவதால், முதன்முறை படிப்பவர் இடறுவதற்கு இடமுண்டு. இவற்றைவிட முதன்மையான குறை, ஓடு என்பது கெட்டியான சுவர் என்னும் எண்ணம். அணுவில் அத்தகைய சுவர் எதுவும் இல்லை. ஒரே முதன்மை எண்ணுக்குரிய நிலைகளின் தொகுதியே இங்குக் குறிக்கப்படுவது.

‘கூடு’ மென்மையான சொல், உறைவிடத்தைக் குறிப்பது. எத்தனை எலக்ட்ரான்கள் எக்கூட்டில் இடம்பெறலாம் என்று எண்ணிச் சொல்லும்போது அது நன்கு பொருந்துகிறது. கூட்டின் வரிசை எண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கி, வந்ததை இரட்டித்தால் அக்கூட்டின் கொள்ளளவு கிடைக்கும். முதற்கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32. சோடியத்தின் 11 எலக்ட்ரான்களும் 2, 8, 1 என அமையும். இவ்வமைப்பை மலையாளம் ‘இலக்ட்ரோண் விந்யாசம்’ என்றும், இலங்கைத் தமிழ் ‘இலத்திரன் நிலையமைப்பு’ என்றும் கூறும்.

ஆனால் ஒளி உமிழ்தலை விளக்க வரும்போது இதே சொல் வேறொரு திசையில் இழுத்துச் செல்கிறது. ‘எலக்ட்ரான் ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டுக்குத் தாவுகிறது’ என்ற உடனே தமிழ் வாசகர் உள்ளத்தில் சித்தர்களின் ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ எழும். மலையாளத்திலும் இதனை ஒத்த தொடர் உண்டு. ஆயினும் பாடநூலில் ‘ஷெல்’ இருப்பதால் அங்கு இவ்வியைபு நேர்வதில்லை. ஹைட்ரஜனைப் பொறுத்தவரை இவ்வுருவகம் ஓரளவு செல்லும். சோடியத்தில் அது பொய்த்துவிடுகிறது. கல்லுப்பை அடுப்புத் தீயில் சிதறினால் தோன்றும் மஞ்சள் ஒளி, மூன்றாம் கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானின் செயல். தீயின் ஆற்றலால் அது அதே மூன்றாம் கூட்டின் ‘எஸ்’ துணைக்கூட்டிலிருந்து ‘பி’ துணைக்கூட்டுக்கு உயர்கிறது. தனித்துள்ள சோடிய அணுவில் அங்கு ஏறத்தாழ 16 நானோநொடி தங்கிப் பின் இறங்குகிறது. ‘பி’ நிலை இரு நெருங்கிய மட்டங்களாகப் பிளவுண்டிருப்பதால் இரு மஞ்சள் கோடுகள் தோன்றுகின்றன. எலக்ட்ரான் கூடு மாறவேயில்லை. வீட்டு அடுப்பில் எவரும் காணக்கூடிய அணு ஒளியே ‘கூட்டுக்குக் கூடு தாவினால் ஒளி’ என்னும் வரையறைக்குள் அடங்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

இக்குறை மூலமொழியிலும் உண்டு எனலாம். ஆயினும் அங்குக் கூடு பாயும் மரபுத்தொடர் துணைநிற்பதில்லை. தமிழில் உருவகம் உயிருள்ளதாக இருப்பதால் பிழை ஆழமாகப் பதிகிறது. ஒளியைப் பற்றிய தொடர்களில் ‘ஆற்றல் மட்டம்’ என்பதையும், எண்ணிக்கையைப் பற்றிய தொடர்களில் ‘கூடு’ என்பதையும் வரையறுத்துக் கையாளுவது இதற்குத் தீர்வாகும். ‘வட்டப்பாதை’ என்பதைப் போரின் பழைய மாதிரியைக் கூறும் இடத்தில் மட்டும் நிறுத்திக்கொள்வது நன்று. இன்றைய கொள்கைப்படி எலக்ட்ரானுக்கு வரையறுத்த பாதை இல்லை; அது காணப்படுவதற்கான நிகழ்தகவுப் பரவலே உண்டு.

6. உமிழ்தலும் காலுதலும்

ஒளி வெளிப்படுவதைத் தமிழ்நாட்டு வழக்கு ‘உமிழ்தல்’ என்றும், இலங்கை வழக்கு ‘காலல்’ என்றும் கூறுகின்றன. இரண்டும் வாயிலிருந்து வெளிப்படுத்துதலைக் குறித்த பழஞ்சொற்கள். மலையாளம் ‘உத்சர்ஜனம்’ என்னும் வடசொல்லை ஏற்றுள்ளது. எனினும் தமிழின் ‘உமிழ்நீர்’ மலையாளத்தில் ‘உமிநீர்’ என வழங்குவதால், எல்லைப்புற மாணவருக்கு ‘உமிழ்தல்’ அயலான சொல் அன்று.

இவ்வினைகள் யாவும் உள்ளே இருந்த ஒன்று வெளியே வருவதாகக் காட்டுகின்றன. அணுவினுள் ஒளித்துகள் முன்னரே தங்கியிருப்பதில்லை. எலக்ட்ரான் இறங்கும்போதே அது பிறக்கிறது. சொல்லை மாற்றுவதால் இது தீராது. வினைக்கு முன் ஒரு விளக்கத் தொடரைச் சேர்ப்பதே வழி. ‘இறங்கும்போது உண்டாகும் ஒளித்துகளை அணு உமிழ்கிறது’ என்னும் தொடரில் ‘உண்டாகும்’ என்பது அப்பணியைச் செய்கிறது. துகள்தன்மைக்கு இலங்கை வழக்கிலுள்ள ‘சொட்டு’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. தமிழ்நாட்டார் ‘குவாண்டம் எண்’ என்பதை இலங்கையார் ‘சொட்டெண்’ என்பர். ஆற்றல் தொடர்ந்து ஒழுகாமல் அளவளவாக வருவதை அது இயல்பாகக் காட்டுகிறது.

7. கடற்கரை மணலும் கதிர்வீச்சும்

இச்சொல் வேறுபாடுகள் பாடநூலோடு நில்லாமல் வாழ்க்கையைத் தொடும் இடம் ஒன்று இப்பகுதியிலேயே உள்ளது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் மாவட்டத்துச் சவறையிலும் கடற்கரை மணலில் மோனசைட் கனிமம் கிடைக்கிறது. திருவிதாங்கூர் மணலில் மோனசைட் இருப்பது 1909-இல் ஷோம்பெர்க் என்னும் செருமானியரால் அறியப்பட்டது. அக்காலத்தில் அதன் பயன் விளக்கொளியே. வாயு விளக்கின் வலை, பெரும்பங்கு தோரியம் ஆக்சைடும் சிறுபங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது. திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணொளி அவ்வலையினது. சூடேறிய திண்மம் தொடர் நிறமாலையைத் தரும். தனித்தனி அணுக்களாக உள்ள வளிமமே கோடுகளைத் தரும். எனவே அவ்விளக்கின் ஒளி சோடிய ஆவி விளக்கின் ஒளியினின்று வேறுபட்டது.

அதே தோரியம் கதிரியக்கமும் உடையது. அதன் அணுக்கரு சிதையும்போது வெளிப்படும் ஆல்பா துகள் ஹீலியத்தின் அணுக்கருவே. சூரிய ஒளியில் கோடாகத் தோன்றி அறியப்பட்ட தனிமம் இக்கடற்கரை மணலிலும் சிறிது சிறிதாக உண்டாகிக்கொண்டிருக்கிறது. இரு நிகழ்வுகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒளி உமிழ்தல் எலக்ட்ரான்களின் செயல். ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட் அளவினது. கதிரியக்கம் அணுக்கருவின் செயல். ஆற்றல் இலட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் அளவினது.

மொழி இவ்வேறுபாட்டைக் காக்கவில்லை. தமிழில் ‘அணுமின்’, ‘அணு உலை’ என்பவற்றில் ‘அணு’ என்பது அணுக்கருவையே குறிக்கிறது. மலையாளத்தின் ‘ஆணவ’ என்பதும் அவ்வாறே. ‘கதிர்வீச்சு’ என்பதோ விளக்கொளியையும் கதிரியக்கத்தையும் ஒருங்கே தழுவும். ‘அணு உமிழ்வு நிறமாலை’ என்னும் பாடத்தலைப்பைக் கடற்கரை ஊரில் காணும் வாசகர் அதனைக் கதிரியக்கம் பற்றியதாகக் கொள்வது இயல்பு. மறுதலையாக, உண்மையில் கதிரியக்கம் பற்றிய அறிவிப்பு ‘கதிர்வீச்சு’ என்னும் பொதுச்சொல்லால் தணிந்துபோகவும் கூடும். இயற்கைப் பின்புலக் கதிரியக்கம் மிகுந்த இக்கடற்கரையில், அச்சம் தேவையற்ற இடத்தில் எழுவதும், எச்சரிக்கை தேவையான இடத்தில் மறைவதும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்லைப் பொறுத்தனவாகின்றன.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து எல்லைப்புற மொழிபெயர்ப்புக்குச் சில நெறிகளை வகுக்கலாம். இரு மொழிகளிலும் ஒரே வடிவில் உள்ள ‘அணு’, ‘ஆணவம்’, ‘தன்மாத்திர’ போன்றவற்றைப் பொதுச்சொற்கள் எனக் கருதாமல், அயற்சொற்களினும் கூடுதல் விழிப்போடு பெயர்த்தல் வேண்டும். அணுக்கருவைச் சார்ந்தவற்றை இயன்றவரை ‘அணுக்கரு’ என்றே விரித்தும், ஒளியைச் சார்ந்தவற்றில் ‘ஒளி’ என்பதை வெளிப்படையாகச் சேர்த்தும் எழுதுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘அணு உமிழ்வு’ என்பதைவிட ‘அணுவின் ஒளி உமிழ்வு’ தெளிவானது. ஒளியை விளக்குமிடத்தில் ‘மட்டம்’, எண்ணிக்கையை விளக்குமிடத்தில் ‘கூடு’ என வரையறுத்தல் வேண்டும். பாடநூலின் பிற்சேர்க்கையில் தமிழ்நாட்டு, இலங்கை, மலையாள வடிவங்களை ஒருங்கே தரும் சொற்பட்டியல் இடம்பெற்றால், எல்லையின் இருபுறத்து மாணவருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும்.

1916-இல் சேலத்திலிருந்து இராசாசி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஓர் இதழ் தொடங்கிய காலத்தில், தமிழில் அறிவியல் சொல்ல இயலுமா என்பதே வினாவாக இருந்தது. இன்று அவ்வினா இல்லை. சொற்கள் மிகுதியாகவே உள்ளன. உப்பிட்ட அடுப்புத் தீயின் மஞ்சள் ஒளியைக் கண்டு ‘எலக்ட்ரான் கூடு மாறியது’ என்று எழுதும் மாணவர் பாடத்தைப் படிக்காதவர் அல்லர். சொல் காட்டிய வழியில் சென்றவர். அவ்வழியைத் திருத்தும் பொறுப்பு சொல்லை ஆக்குவோரையும் பெயர்ப்போரையும் சார்ந்தது.